பெருந்தொற்றுக் காலத்தில் மறுபடி ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று இரவே ஒக்லஹோமா சிட்டியில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருந்தபோது, யூட்டா ஜாஸ் அணியின் ரூடி கோபேருக்குத் தொற்று உறுதியானதாகச் செய்தி வந்தது. ஆட்டம் ரத்தானது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசனே நின்றுபோனது. சில நாள்களுக்குள் உலகம் முழுக்க மைதானங்களுக்குப் பூட்டு விழுந்தது.

மே மாதம் தென்கொரியாவிலும் ஜெர்மனியிலும் பூட்டைத் திறந்தபோது, இது சரிதானா என்று எல்லோரும் கேட்டார்கள். அப்போது பதில் சொல்ல அனுபவம் இல்லை. இப்போது இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். இன்னொரு தொற்று வந்தால் மறுபடி முதலிலிருந்து தடுமாற வேண்டியதில்லை.

நோய் முழுதாகப் போகாதபோது ஆட்டத்தைத் தொடங்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

அணியைப் பார்க்கும் முன் ஊரைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, மருத்துவமனைகளில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கணக்கு. ஊரில் ஆயிரத்தில் ஒருவருக்கு நோய் இருக்கும்போது ஐம்பது பேர் கொண்ட அணிக்குள் அது நுழையும் வாய்ப்பு வேறு, ஐம்பதில் ஒருவருக்கு இருக்கும்போது வேறு. இரண்டாவது நிலையில் எவ்வளவு கட்டுப்பாடு போட்டாலும் யாராவது ஒருவர் வழியாக உள்ளே வந்துவிடும்.

நியூசிலாந்தைப் பாருங்கள். 2020 ஜூன் 13 அன்று டனீடன் நகரில் ரக்பி மறுபடி தொடங்கியபோது ரசிகர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே இடைவெளி விடவில்லை, முகக்கவசம் கேட்கவில்லை. நாட்டுக்குள் அப்போது தொற்றே இல்லாததால்தான் அது முடிந்தது. ஆகஸ்டில் ஆக்லாந்தில் புதிதாகச் சிலருக்குத் தொற்று தெரிந்து ஊரடங்கு வந்ததும், ஈடன் பார்க்கில் நடக்க இருந்த தொடரின் கடைசி ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

கொரியாவில் மே 5 அன்று பேஸ்பால் தொடங்கியது. ஜெர்மனியில் மே 16 அன்று புன்டெஸ்லிகா கால்பந்து லீக் தொடங்கியது. இரண்டும் காலி மைதானத்தில்தான். பிரான்ஸ் தன் கால்பந்து சீசனை அத்தோடு முடித்து, முதலிடத்தில் இருந்த பாரிஸ் அணிக்குப் பட்டத்தைக் கொடுத்தது. நெதர்லாந்தும் முடித்துக்கொண்டது, ஆனால் யாருக்கும் பட்டம் இல்லை. இவற்றில் எதையும் தவறு என்று சொல்லமாட்டேன். அந்தந்த ஊர் நிலைமைக்கு எடுத்த முடிவுகள் அவை. தேதியை முதலில் அறிவித்துவிட்டு, நிலைமை அதற்குள் சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதைத்தான் தவறு என்பேன். எத்தனை பேருக்குத் தொற்று வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். சீசன் நடுவில் உட்கார்ந்து பேசினால், ஒளிபரப்புப் பணம் ஒரு பக்கம் இழுக்க, அந்தக் கோடு தள்ளிக்கொண்டே போகும்.

வீரர்கள் இளைஞர்கள், நல்ல உடல்வலு உள்ளவர்கள். அவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஜப்பானில் சுமோ மல்யுத்த வீரர் ஷோபுஷி 28 வயதில், 2020 மே 13 அன்று கோவிட்டால் இறந்தார். அவருக்கு நீரிழிவு இருந்தது. காய்ச்சல் வந்த முதல் நாள்களில் அவரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனை கிடைக்கவில்லை. வலுவான உடம்புக்குள்ளும் ஆஸ்துமாவோ நீரிழிவோ இருக்கலாம். அணி மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாமலும் இருக்கலாம்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் எடுவார்டோ ரொட்ரிகஸுக்கு அப்போது 27 வயது. தொற்று சரியாகித் திரும்பி வந்தவர், பயிற்சியில் கொஞ்சம் பந்து எறிந்ததுமே ஓய்ந்துபோனார். இதயத்தசை அழற்சி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. 2020 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டு திரும்ப வந்துவிட்டார்.

அப்புறம் இன்னொன்று. அணி என்றால் மைதானத்தில் தெரியும் பதினொரு பேர் மட்டுமா? பயிற்சியாளர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், துணி துவைப்பவர், பஸ் ஓட்டுநர், சமையல்காரர், நடுவர் எல்லோரும் அதில் அடக்கம். 2020 ஜூனில் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் திரும்பத் தொடங்கியபோது கிரிஸ்டல் பேலஸ் பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சனுக்கு 72 வயது. வீரர்களின் வயதைக் காட்டி 'ஆபத்து குறைவு' என்று சொல்கிறவர்கள் இவர்களையெல்லாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆடும்போது ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள், மூச்சிரைக்கிறார்கள். அதுதானே பெரிய ஆபத்து?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இங்கிலாந்தின் ரக்பி லீக் போட்டிகளில், தொற்று இருப்பது தெரியாமல் 8 வீரர்கள் ஆடிய 4 ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். யார் யாரைப் பிடித்தார், எவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் இருந்தார்கள் என்றெல்லாம் குறித்தார்கள். ரக்பியைவிட நெருக்கமாக ஆடும் விளையாட்டு அதிகம் இல்லை. அப்படி இருந்தும் ஆட்டத்தின்போது தொற்று பரவியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அந்த ஆட்டங்களுக்குப் பிறகு தொற்று வந்த மற்ற வீரர்களுக்கு, அணிக்குள்ளேயே ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது, ஒன்றாகப் பயணம் செய்தது, வெளியே பழகியது என்று வேறு காரணங்கள் இருந்தன.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் வேறு வழியில் போனது. வீரர்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் சிறிய மின்னணுக் கருவியைக் கொடுத்து, யார் யாருக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று பதிவு செய்தது. அப்போதைய பொது விதிப்படி, ஆறடிக்குள் 15 நிமிடம் இருந்தால்தான் நெருங்கிய தொடர்பு. ஆனால் அதைவிடக் குறைந்த நேரம் பழகியவர்களுக்கும் தொற்றியிருந்தது. அவர்கள் எங்கே பழகினார்கள் என்று பார்த்தால் காருக்குள், சாப்பாட்டு மேசையில், முகக்கவசம் இல்லாமல் அறைக்குள் நடந்த கூட்டத்தில். அதன் பிறகு லீக் நிமிடக் கணக்கை மட்டும் பார்ப்பதை விட்டது. இடம் எது, காற்றோட்டம் உண்டா, முகக்கவசம் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தது.

திறந்த வெளியில் மூச்சுக்காற்று உடனே கலைந்துபோகிறது. எதிராளியோடு முகத்துக்கு முகம் இருப்பதும் சில விநாடிகள்தான். மூடிய அறையில் அந்தக் காற்று அங்கேயே தேங்குகிறது. உள்ளரங்கு ஆட்டம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். 2020 ஜூன் 16 அன்று ஃபுளோரிடாவின் டாம்பா பகுதியில் பொழுதுபோக்கு அணிகள் இரண்டு உள்ளரங்கில் ஐஸ் ஹாக்கி ஆடின. மொத்தம் 22 ஆட்டக்காரர்கள். அடுத்த ஐந்து நாளுக்குள் 14 பேருக்கு நோய் அறிகுறி வந்தது, அரங்க ஊழியர் ஒருவருக்கும் வந்தது. பனித்தளத்துக்கு மேல் குளிர்ந்த காற்று, சுற்றிலும் தடுப்புச் சுவர், வேகமான மூச்சு, இருபது இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கும் உடை மாற்றும் அறை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

ஆகவே கோல் அடித்த பிறகு கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று நடந்த விவாதத்துக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கவில்லை. அந்தக் கவனம் அணி பஸ்ஸின் ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும்.

பந்தில் எச்சில் தடவுவதை ஏன் தடை செய்தார்கள்?

கிரிக்கெட்டில் பந்தின் ஒரு பக்கத்தை மெருகேற்ற எச்சிலைத் தடவுவது காலங்காலமாக இருந்த பழக்கம். அதே பந்து அடுத்து பத்துப் பேர் கைக்குப் போகிறது. 2020 ஜூனில் ஐசிசி அதைத் தடை செய்தது. வியர்வைக்குத் தடை இல்லை. ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்டில் இங்கிலாந்து வீரர் டாம் சிப்லி மறந்துபோய் எச்சிலைத் தடவிவிட, நடுவர்கள் பந்தைக் கிருமிநாசினியால் துடைத்த பிறகே ஆட்டம் தொடர்ந்தது. தொடுவதால் பரவுவது மிகக் குறைவு, காற்று வழியாகப் பரவுவதுதான் அதிகம் என்று பின்னால் தெரிந்தது.

தினமும் பரிசோதனை செய்தால் போதாதா?

போதாது. பரிசோதனை இல்லாமலும் முடியாது.

தொற்று உடம்புக்குள் போன முதல் இரண்டு மூன்று நாள் பிசிஆர் பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாம். முதலில் வந்த கொரோனா வகையில் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். காலையில் 'இல்லை' என்று முடிவு வந்தவர் மறுநாள் மாலையில் பரப்பிக்கொண்டிருக்கலாம். அந்த முடிவு, மாதிரி எடுத்த நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

முடிவு எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். 2020 அக்டோபர் 27, அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் வீரர் ஜஸ்டின் டர்னருக்குத் தொற்று என்று முடிவு வந்தது. எட்டாவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுத்தார்கள். அதற்குள் பல மணி நேரம் சக வீரர்களோடு இருந்துவிட்டார். அணி கோப்பையை வென்றதும் களத்துக்குத் திரும்பி வந்து அவர்களோடு படம் எடுத்துக்கொண்டார்.

முடிவு தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியில் சிலருக்குத் தொற்று என்று தெரிந்தும், அன்றைய ஆட்டத்தை ஆடிவிடலாம் என்று வீரர்கள் தங்களுக்குள் குறுஞ்செய்தியில் பேசி முடிவெடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தொற்று. ஆட வேண்டும் என்று துடிக்கிறவர்கள் கையில் அந்த முடிவை விட்டிருக்கவே கூடாது. ஜெர்மனியில் இரண்டாம் பிரிவில் ஆடிய டைனமோ டிரெஸ்டன் கால்பந்து அணியில் புதிதாக இரண்டு வீரர்களுக்குத் தொற்று வந்ததும், உள்ளூர் சுகாதாரத் துறை அணி முழுவதையும் 14 நாள் தனிமையில் வைத்தது. லீக் மறுபடி தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அணிக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் சரியான இடத்தில் இருந்தது.

'பயோ பபுள்' என்றால் என்ன? அது உண்மையிலேயே வேலை செய்ததா?

அணிகளையும் அவர்களோடு வேலை செய்கிறவர்களையும் ஒரே இடத்தில் தங்க வைத்து, வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் போட்டியை நடத்துவதுதான் பயோ பபுள்.

இதில் சிறப்பாக நடந்தது என்பிஏ. ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில் 22 அணிகள். வந்ததும் அறைக்குள் தனிமை, பிறகு தினமும் பரிசோதனை, அறையை விட்டு வெளியே வந்தால் முகக்கவசம். ஜூலை 30 முதல் அக்டோபர் 11 வரை ஆட்டங்கள் நடந்தன. தொடக்கத் தனிமையை முடித்து வளாகத்துக்குள் புழங்க ஆரம்பித்த வீரர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. அப்போது வெளியே ஃபுளோரிடா முழுக்க நோய் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. செலவு 15 கோடி டாலருக்கு மேல். இந்த அளவு பணமும் இடமும் எல்லா விளையாட்டுக்கும் கிடைக்காது. அதனால் 'என்பிஏவால் முடிந்ததே' என்ற வாதம் அவ்வளவு தூரம் செல்லாது.

உடைந்த பபுளுக்கு ஐபிஎல் உதாரணம். 2020இல் போட்டி ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. தொடங்கும் முன்பே சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவில் இரண்டு வீரர்கள் உட்பட 13 பேருக்குத் தொற்று வந்தும், தனிமைப்படுத்திச் சமாளித்து நவம்பர் 10 வரை முழுத் தொடரையும் முடித்தார்கள். மைதானங்கள் மூன்றும் பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தன. 2021இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு நகரங்கள், அணிகள் விமானத்தில் ஊர் ஊராகப் போக வேண்டும், வெளியே இரண்டாம் அலை. கொல்கத்தா அணியில் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று வந்தது. அடுத்து மற்ற அணிகளிலும் தெரிந்தது. 29 ஆட்டங்கள் முடிந்த நிலையில் மே 4 அன்று போட்டியை நிறுத்தினார்கள். மீதி ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் மறுபடி அமீரகத்தில் நடந்தன.

விதியை எழுதுவது எளிது, மனிதர்கள் அதற்குள் வாழ்வதுதான் கடினம். ஆக்ஸ்பர்க் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஹைகோ ஹெர்லிச், ஹோட்டலில் தனிமையில் இருந்தவர், பற்பசையும் தோலுக்குப் பூசும் கிரீமும் வாங்க வெளியே போனார். அதனால் அணியின் முதல் ஆட்டத்துக்கு அவரால் பொறுப்பேற்க முடியவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜோஃப்ரா ஆர்ச்சர் சவுத்தாம்ப்டனிலிருந்து மான்செஸ்டர் போகும் வழியில் தன் வீட்டுக்குப் போய்வந்தார். அடுத்த டெஸ்டில் அவருக்கு இடம் இல்லை. இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பற்பசை தீர்ந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைப்பது ஏற்பாடு செய்கிறவர்களின் வேலை.

விதியே இல்லாமல் நடந்ததும் உண்டு. 2020 ஜூனில் நோவக் ஜோகோவிச் பெல்கிரேடிலும் ஸடாரிலும் நடத்திய ஏட்ரியா டூர் டென்னிஸ் கண்காட்சியில் கூட்டம் நெருக்கியடித்தது, இரவில் விருந்துகளும் நடந்தன. டிமிட்ரோவ், சோரிச், டிரொய்ஸ்கி, கடைசியில் ஜோகோவிச் என்று வரிசையாகத் தொற்று. இறுதி ஆட்டம் நடக்கவில்லை.

தொற்று வந்து குணமான வீரர் எப்போது மறுபடி ஆடலாம்?

காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும்போது கடினமான பயிற்சி கூடவே கூடாது. இதயத்தசையில் அழற்சி இருக்கும்போது உடலை வருத்தினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும் ஆபத்து உண்டு.

2020இல் பிரிட்டனில் விளையாட்டு மருத்துவர்கள் சொன்ன வழி இது: அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு, கடைசி 7 நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது, பிறகு நடை, மெல்லோட்டம், அணியோடு பயிற்சி, முழு ஆட்டம் என்று படிப்படியாக. ஒரு படியில் அசாதாரணக் களைப்பு தெரிந்தால் பின்னால் போக வேண்டும். நோயைப் பற்றி மேலும் தெரிந்த பிறகு, லேசான தொற்று வந்தவர்களுக்கு இந்தக் காலத்தைக் குறைத்தார்கள்.

ஆரம்பத்தில் வந்த ஒரு சிறிய ஆய்வில், எம்ஆர்ஐ எடுத்த 26 கல்லூரி வீரர்களில் 4 பேருக்கு இதயத்தசை அழற்சியின் அடையாளம் தெரிந்ததாகச் சொன்னார்கள். பெரிய பயம் கிளம்பியது. பின்னர் அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளில் தொற்று வந்த 789 வீரர்களைப் பரிசோதித்தபோது, இதய அழற்சி உறுதியானது 5 பேருக்கு, அதாவது 0.6 சதவீதம். பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் 789 பேரில் அந்த ஐந்து பேரையும் கண்டுபிடித்துக் களத்துக்குப் போகாமல் நிறுத்த முடிந்தது என்பதையும் பாருங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், படி ஏறினாலே மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் ஈசிஜி, ரத்தத்தில் டிரோபோனின் (இதயத்தசை பாதிப்பைக் காட்டும் புரதம்) அளவு, எக்கோ மூன்றையும் பார்க்காமல் திரும்ப ஆடக் கூடாது.

மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு நேரே ஆட்டத்துக்கு வந்தால் காயம் ஏற்படாதா?

ஏற்படும். இதற்குப் பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. 2011இல் சம்பளத் தகராறால் என்எஃப்எல் அணிகளின் பயிற்சி மாதக்கணக்கில் நின்றுபோனது. மறுபடி முகாம் திறந்த முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாண் பிரச்சினை வந்துவிட்டது. வீட்டில் சைக்கிள் மிதித்து நுரையீரலைப் பழக்கி வைக்கலாம், திடீரென்று நிற்பதற்கும் திரும்புவதற்கும் தேவையான பழக்கம் தசைநாணுக்கு அதில் வராது. கால்பந்தில் மாற்று வீரர் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியதற்கு இந்தக் கவலையும், நெருக்கி அடுக்கிய ஆட்டங்களும்தான் காரணம். அந்த விதி இப்போது நிலைத்துவிட்டது.

ஒரு வீரர் 'நான் ஆட வரமாட்டேன்' என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொன்னார்கள். இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு கால்பந்து அணித் தலைவர் டிராய் டீனி, மூச்சுப் பிரச்சினை உள்ள கைக்குழந்தை வீட்டில் இருப்பதால் முதலில் பயிற்சிக்கு வர மறுத்தார். தன் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு வந்தார். பேஸ்பால் வீரர் பஸ்டர் போசி, குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளைத் தத்தெடுத்ததால் 2020 சீசனை விட்டார். என்எஃப்எல்லின் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் லோரான் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்தவர். அவர் அந்த சீசனில் ஆடாமல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யப் போனார். 2021 ஏப்ரலில் ரவிச்சந்திரன் அஸ்வின், தன் குடும்பம் கோவிட்டோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஐபிஎல்லிலிருந்து பாதியில் கிளம்பினார்.

இவர்கள் எல்லோரும் பெயர் பெற்றவர்கள். இன்னும் இடம் உறுதியாகாத இருபது வயது வீரருக்கு அதே வாய்ப்பு இருக்கிறதா? என்எஃப்எல் 2020இல் ஒரு ஏற்பாடு செய்தது. நோய் ஆபத்து அதிகம் உள்ள வீரர் விலகினால் 3.5 லட்சம் டாலர் உண்டு. மற்றவர்கள் விலகினால் 1.5 லட்சம் டாலர், அதுவும் பின்னால் வரும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முன்பணம். குறை உண்டு, ஆனாலும் எழுத்தில் ஒன்று இருந்தது. மைதானத்தைப் பெருக்குகிறவருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் அந்த அளவுகூட இல்லை. ஒரு லீக் மறுபடி தொடங்கும்போது நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்: காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருக்கும் தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் உண்டா? இல்லை என்றால் அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். வேறு வழி அவருக்கு இல்லை.

பொதுமக்களுக்கே பரிசோதனை கிடைக்காதபோது வீரர்களுக்குத் தினமும் செய்வது நியாயமா?

நியாயமில்லை. 2020 மார்ச்சில் அறிகுறி உள்ளவர்களே காத்துக் கிடந்தபோது என்பிஏ அணிகள் முழுதாகப் பரிசோதனை செய்துகொண்டது பெரிய கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபம் சரிதான். பரிசோதனை தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கேள்வி வேறாகிவிடுகிறது. தங்கள் தேவை நாட்டின் பரிசோதனைத் திறனில் 0.4 சதவீதத்துக்கும் குறைவு என்று ஜெர்மன் லீக் கணக்குக் காட்டிய பிறகுதான் அனுமதி வாங்கியது.

விளையாட்டால் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய எச்சில் பரிசோதனை முறைக்கு என்பிஏவும் அதன் வீரர்கள் சங்கமும் பணம் கொடுத்தன. மூக்கில் குச்சி விட வேண்டாம், செலவு குறைவு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்து, எந்த ஆய்வகமும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள்.

ரசிகர்களை எப்போது உள்ளே விடலாம்?

இங்கேதான் கொடுத்த விலை அதிகம். 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் மிலானில், பெர்கமோ ஊரின் அடலாண்டா கால்பந்து அணியும் ஸ்பெயினின் வாலென்சியாவும் மோதின. பெர்கமோ பகுதியிலிருந்து சுமார் 40,000 பேர் ரயிலிலும் பஸ்ஸிலும் காரிலும் போய்வந்தார்கள். அடுத்த இரண்டு நாளுக்குள்தான் வடஇத்தாலியில் உள்ளூரில் தொற்று பரவியிருப்பது தெரிந்தது. சில வாரங்களில் பெர்கமோ இத்தாலியிலேயே மோசமாக அடிபட்ட ஊராகிவிட்டது. அந்த ஓர் ஆட்டம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பங்கு இருந்தது என்றே மருத்துவர்கள் பலர் கருதினார்கள். யாருக்கும் அப்போது தெரியாது. மார்ச் 11 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில், அந்த ஊர் அணிக்கும் ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட் அணிக்கும் நடந்த ஆட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது. மாட்ரிட்டில் பள்ளிகளை மூடியாகிவிட்டது, ஸ்பெயினில் ஆட்டங்கள் காலி மைதானத்தில் நடந்தன. அப்படி இருந்தும் சுமார் 3,000 அட்லெடிகோ ரசிகர்கள் விமானம் ஏறி வந்து, 52,000 பேர் இருந்த மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டும்.

மைதானத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை ஸ்காட்லாந்து கணக்கு சொல்கிறது. 2021 ஜூனில் நடந்த யூரோ கால்பந்துப் போட்டியோடு தொடர்புடைய இடங்களுக்குப் போனதாகச் சொன்ன 1,991 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். வெம்ப்ளி மைதானத்துக்குள் போனவர்கள் 397 பேர் மட்டுமே. மீதிப் பேரில் பெரும்பாலோர் டிக்கெட் இல்லாமலேயே போனவர்கள், மதுக்கடைகளிலும் தெருக்களிலும் வீடுகளிலும் கூடிப் பார்த்தவர்கள். மைதானத்தில் இருக்கைக்கு இருக்கை இடைவெளி விட்டுவிட்டு, அங்கே போய்ச் சேரும் ரயிலை மறந்துவிட்டால் பயனில்லை. உள்ளூர் ரசிகர்களை மட்டும் முதலில் விடுவது, நுழையும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது, உள்ளே மூடிய இடங்களில் சாப்பாடு விற்காமல் இருப்பது ஆகிய மூன்றும் இருக்கை இடைவெளியைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அடைபட்டுக் கிடப்பதால் மனசு என்ன ஆகும்?

இதை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. என்பிஏ வளாகத்தில் இருந்தபோது தனக்குப் பதற்றமும் மனச்சோர்வும் வந்ததாகக் கூடைப்பந்து வீரர் பால் ஜார்ஜ் வெளிப்படையாகச் சொன்னார். பென் ஸ்டோக்ஸ் 2021 ஜூலையில் மனநலத்துக்காகக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு எடுத்தார். ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வந்த விமானங்களில் சிலருக்குத் தொற்று இருந்ததால், 72 டென்னிஸ் வீரர்கள் 14 நாள் அறைக் கதவைத் தாண்டவே முடியாமல் இருந்தார்கள். குடும்பத்தை உடன் அழைத்துவர விடுவது, ஒரு தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே வீட்டுக்கு அனுப்புவது, அணியோடு ஒரு மனநல ஆலோசகரை வைப்பது எல்லாம் தடுப்பு நடவடிக்கைதான். மனசு உடைந்தவர் விதியையும் உடைப்பார்.

தடுப்பூசி வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

உயிர் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பரவுவது முழுதாக நிற்கவில்லை. 2021 டிசம்பரில் ஒமிக்ரான் வந்தபோது பிரீமியர் லீக்கில் பல ஆட்டங்களைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. வீரர்கள் யாரும் பெரிதாக நோயுறாவிட்டாலும், களத்தில் இறக்க ஆள் போதவில்லை.

எங்களுடையது சிறிய கிளப். தினமும் பரிசோதனை செய்யப் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

பணம் செலவாகாத வேலைகளே நிறைய இருக்கின்றன, பலனும் அவற்றில்தான் அதிகம். வீட்டிலேயே உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், குளிப்பதும் வீட்டில்தான். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் பேசுவதை அறைக்குள் வைக்காமல் மைதான ஓரத்தில் வையுங்கள். ஒரே காரில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு வர வேண்டாம். வந்தே ஆக வேண்டும் என்றால் ஏசியை அணைத்து நான்கு ஜன்னலையும் இறக்கிவிடுங்கள், எப்போதும் அதே ஆள்கள்தான் ஒன்றாக வர வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள். ஆட்டம் முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டவெளியில் சாப்பிடுங்கள். உள்ளரங்கில்தான் ஆட வேண்டும் என்றால் எல்லாக் கதவுகளையும் திறந்து, ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி நேரம் அரங்கைக் காலியாக விடுங்கள்.

யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி வராதவருடைய இடம் அடுத்த ஆட்டத்தில் பறிபோகாது என்பதையும் சீசன் தொடங்கும் முன்பே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும். முதல் ஆள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கும்போது, மற்றவர்கள் அவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.